நாலு சக்கரமும் சுற்றும் வண்டி

“தோட்டப் பொதுமக்களுக்கு ஒரு மாபெரும் முக்கிய அறிவிப்பு. கறுப்புமண் தோட்ட வரலாற்றில் ஈடுசெய்ய இயலாத இழப்பாக, அன்பிற்கும் பண்பிற்கும் உரிய இயந்திர மேதை, திருவாளர் சேது அவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்து விண்ணுலகப் பயணத்தைத் தொடங்கிவிட்டார் என்பதை ஆலய நிர்வாகக் குழு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறது. அன்னாரின் பூதவுடல் இன்று மதியம், ஆலயத் தலைவர் திரு. சிவானந்தம் அவர்களின் பெருமுயற்சியால் பெறப்பட்ட தோட்ட நிர்வாகத்தின் ட்ராக்டரில்...”

அறிவித்த குரல் ஆலயத் தலைவர் திரு. சிவானந்தம் அவர்களுடையதேதான். தன் பெருமுயற்சியைத் தானே அறிவித்துக்கொள்வதில் அவருக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயத்தை யாரும் இன்னும் அவர் காதில் போடவில்லை என்பதுபோல நடந்துகொள்பவர். ‘இயந்திர மேதை’ என்று இன்று ஒலிபெருக்கியில் முழங்கிய அதே வாய், போன வாரம் வரை சேதுவைத் ‘தகரக் கொட்டாய்க்காரன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இறந்தவர்களுக்குக் கிடைக்கும் பதவி உயர்வுக்கு எந்த யூனியனும் போராட வேண்டியதில்லை.

ஒலிபெருக்கியில் ‘ட்ராக்டர்’ என்ற சொல் விழுந்தபோது, சேதுவின் மகள் அம்சவள்ளி வேனுக்குள் முழங்காலிட்டுக் கடைசிச் சீட்டின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியை வைக்க இடம் வேண்டும். விடிந்ததிலிருந்து ஒருத்தியாகவே மற்ற சீட்டுகளைக் கழற்றி வெளியே மழையில் வரிசையாக வைத்திருந்தாள். இழவுக்கு வந்தவர்களில் சிலர் அவற்றில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த ஸ்பானர் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் திரும்பியது.

“ட்ராக்டராம்,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அமெரிக்க வேன். கடலோரத்தில் என்னவோ அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதைக் கப்பலில் கொண்டுவந்து, அளந்து முடித்து, அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டது. கிள்ளானில் ஏலம் விட்டபோது சேது எடுத்தார். எட்டு சிலிண்டர் எஞ்சின், இடது பக்க ஸ்டீரிங். தொழிலாளர் லயத்து வீடு ஒன்றைச் சக்கரத்தில் ஏற்றினால் என்ன அகலம் இருக்குமோ அந்த அகலம். வேறு எவனும் இதோடு திருப்தியடைந்திருப்பான். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த சேதுவுக்கு அது போதவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட லோரி ஒன்றின் முன் அச்சை வெட்டி எடுத்து, அதன் இரண்டாவது கியர் பெட்டியையும் பிடுங்கி, இரண்டு மழைக்காலம் வேனுக்கு அடியிலேயே குடியிருந்து பொருத்தினார். ஸ்பிரிங்கை உயர்த்தினார். வேலை முடிந்தபோது வேன் நின்ற உயரத்துக்கு அவர் மனைவி இராஜம்மா பால்மாவுப் பெட்டி ஒன்றை வைத்து ஏற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சேதுவின் பேச்சு ஒரே வாக்கியமாகச் சுருங்கிப்போனது. “நாலு சக்கரமும் சுத்தும்.” நலம் விசாரித்தாலும் அதுதான் பதில். துரையிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார், ஊசி போட வந்த டிரெஸரிடம் சட்டையைத் தூக்கியபடியே சொன்னார். சாதாரண வண்டிக்குப் பின் சக்கரம் மட்டும் தள்ளும். இதற்கு முன்சக்கரமும் இழுக்கும். ஆகவே சேறு, சதுப்பு, வெள்ளம் எதுவும் ஒரு பொருட்டில்லை. சுங்கை புரோங் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனவர், எல்லாரும் இறங்கி நடக்கும் இடத்தில் இறங்காமல், வயல் வரப்பின் மேலேயே வேனை விட்டார். வரப்பு பிளந்தது. சீர்வரிசைத் தட்டுகளெல்லாம் நாற்றங்காலில் மிதந்தன. வயல்காரர் ஹாஜி வந்து, இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது படகா என்று மலாயில் கேட்டார். சேது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சிவானந்தத்தோடு பகை வந்ததும் உயரத்தால்தான். கோயிலுக்குத் தன் பெயர் பொறித்து அவர் வளைவு கட்டிக் கொடுத்த அதே வருஷம்தான் வேனும் உயர்ந்தது. பூசை போடக் கொண்டுபோனபோது வேன் வளைவில் இடித்தது. வளைவை உயர்த்து என்றார் சேது. வேனை இறக்கு என்றார் தலைவர். இரண்டும் நடக்கவில்லை. கறுப்புமண் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓடிய ஒரே வண்டி அதுதான். கூட்டத்துக்குக் கூட்டம் தலைவர், “அந்தத் தகரக் கொட்டாய் ஒருநாள் புதையத்தான் போகுது. அன்னைக்கு என் கையாலதான் சங்கிலி போடுவேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சேது நேற்று மதியம் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தவர் வைத்தபடியே போய்ச் சேர்ந்தார். ரவாங் பேக்டரியிலிருந்து அம்சவள்ளி யூனிபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து வந்தாள்.

நட்டு கழன்றது. சீட்டை வெளியே தள்ளியபோது எதிரில் குடை ஒன்று நின்றது. குடைக்குக் கீழே சிவானந்தம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மார்பில் ஆலயக் குழுவின் பேட்ஜ். பக்கத்தில் அம்சவள்ளியின் தம்பி வாசு. கோலாலம்பூரில் பேங்கில் வேலை. மொட்டையடித்த தலையோடும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நின்றான்.

“என்னம்மா இது, துக்க வீட்ல மெக்கானிக் வேலை?”

“அப்பா அவரு வேன்ல போவாரு, ஐயா.”

“ட்ராக்டருக்கு துரைகிட்ட நானே நேர்ல போய்ப் பேசி வச்சிருக்கேன். தோட்டத்துல செத்தவங்க எல்லாரும் அதுலதான் போயிருக்காங்க.”

“அவங்களுக்கு வேன் இல்ல.”

“மழை பேஞ்சு கெடக்கு. சுடுகாட்டு மண்ணு ரோடு, அந்தச் சடக்கு எப்படி இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதுக்குத்தான் வேன்.”

வாசு கண்ணாடியைக் கழற்றினான். “அக்கா, பேசாம ட்ராக்டர்ல போயிடலாம் லா. நடுவழியில மாட்டிக்கிட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அப்பா உயிரோட இருந்தப்ப சிரிச்சது பத்தாதா?”

“நீ சிரிச்சதைச் சொல்றியா, மத்தவங்க சிரிச்சதைச் சொல்றியா?”

வாசு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

சிவானந்தம் தன் கடைசித் துருப்பை எடுத்தார். “சரி, வேன்லயே போகட்டும். யாரு ஓட்டுறது?”

கேள்வி நியாயமானது. அந்த வேனை ஓட்டத் தெரிந்த இருவரில் ஒருவர் பெட்டிக்குள் இருந்தார். மற்றவள் இவள். வாசு ஒருமுறை முயன்று ஒரு கோழிக்கூண்டோடு நிறுத்திக்கொண்டான்.

“நான்தான்.”

“பொம்பளை சுடுகாட்டுக்குப் போறதா? பாதிக் கல்லோட பொம்பளைங்க திரும்பிடணும். என் காலத்துல இது நடக்காது.”

பந்தலுக்குள் பெட்டியருகே உட்கார்ந்திருந்த இராஜம்மா தலையைத் திருப்பினாள். நேற்றிலிருந்து யாரிடமும் பேசாதவள். அழுது முடித்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது, தொடங்கியிருந்தாள் என்றும் சொல்ல முடியாது.

“அவ பொம்பளையா வரல, கிராணியாரே. டிரைவரா வர்றா.”

“அம்மா, சாஸ்திரம்னு ஒண்ணு...”

“அப்ப நீங்க ஓட்டுங்க.”

சிவானந்தம் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அந்தக் காலத்தில் ஆபீஸ் பையன் மிதிக்கப் பின்னால் குடை பிடித்து உட்கார்ந்து போனவர். அவர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார்.

“பாக்கலாம். ட்ராக்டரும் பின்னாலயே வரும். சங்கிலியோட,” என்றார்.

*

வாய்க்கரிசி போட்டாயிற்று. பெட்டியை வேனின் பின்கதவு வழியாகக் கால் முன்னால் இருக்கும்படி ஏற்றினார்கள். தோட்டத்து வழக்கம் அப்படி: வீட்டிலிருந்து கால் முன்னால் புறப்பட வேண்டும், பாதி வழியிலிருக்கும் பாதிக் கல்லில் பெட்டியைத் திருப்பித் தலை முன்னால் கொண்டுபோக வேண்டும். போகிறவருக்கு வீட்டுக்கு வரும் வழி மறக்க வேண்டுமாம். மலேசியாவில் எத்தனையோ வருஷம் இருந்தும் சுங்கை பூலோவில் வழி தவறிய சேதுவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

உறுமி முழங்கியது. அம்சவள்ளி ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீரிங்கின் மேல்பகுதி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினாள். எட்டு சிலிண்டரும் இருமி எழுந்தபோது உறுமிக்காரர்கள் ஒரு கணம் அடிப்பதை மறந்தார்கள்.

லயத்து வரிசையைக் கடந்து, கோயில் வளைவை வெளியிலிருந்தே கடந்து, செம்பனை மரங்களுக்குள் இறங்கினார்கள். வேனுக்குப் பின்னால் பாதித் தோட்டம் நடந்து வந்தது. அதற்கும் பின்னால் ட்ராக்டர். ஓட்டியவர் செல்லன், சேதுவோடு ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர், பேச்சு குறைந்தவர். சக்கரத்து மட்கார்டின் மேல் சிவானந்தம், ஒரு கையில் குடை, மடியில் சுருட்டிய இரும்புச் சங்கிலி. வெள்ளை வேட்டியில் துரு இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. எட்டு வருஷமாகக் காத்திருந்த நாள்.

கறுப்புமண் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறு. மண்ணைப் பார்த்துத் தமிழர் வைத்த பெயர் இது. மக்கிய வேரும் தண்ணீருமாகக் கிடக்கும் சதுப்பு. மேலே காய்ந்த தோல்போல ஒரு படலம் இருக்கும். அது தாங்கும்வரை தாங்கும்; கிழிந்தால் கீழே பிடிமானமே கிடையாது. இந்தச் சதுப்புக்கு நடுவே ஒரே ஒரு செம்மண் மேடு. உயிரோடிருப்பவர்களை நீர் ஊறும் லயத்தில் குடிவைத்த நிர்வாகம், அந்த ஒரே மேட்டைச் சுடுகாட்டுக்கு ஒதுக்கியிருந்தது. கறுப்புமண் ஆட்கள் வாழ்க்கையில் ஈரமில்லாத தரைக்கு மாறுவது அப்போதுதான்.

பாதிக் கல் வந்தது. செம்பனைக் குலை சேர்க்கும் திறந்த இடம் அது. பெண்கள் அங்கே நின்றார்கள். அதற்கு அப்பால் சடக்கு இரண்டு வடிகால் கான்களுக்கு நடுவே கறுப்பாக, மினுமினுப்பாக, மேடுவரை போனது.

அம்சவள்ளி இறங்கினாள். இனி நாலு சக்கர ஓட்டம். அதற்கு முன்சக்கரங்களின் நடுக்குமிழை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பூட்ட வேண்டும். அது அவள் வேலை. வேன் உயர்ந்த நாளிலிருந்தே, ரவாங்குக்குப் போன பிறகு விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு முறையும், சேற்றில் முழங்காலிட்டு அவள்தான் முறுக்குவாள். மேலே ஜன்னலில் சாய்ந்துகொண்டு அப்பா, “பூட்டிட்டியா கண்ணு? ஏறு. இப்பப் பாரு வேடிக்கைய,” என்பார்.

இடது சக்கரத்தைப் பூட்டினாள். வலது பக்கம் சுற்றிப் போய் முழங்காலிட்டாள். குமிழ் இறுகியிருந்தது. பிடிமானத்துக்காகத் தலையை அடியில் நுழைத்து அச்சைப் பற்றினாள். 

இரண்டாவது கியர் பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு ஓட வேண்டிய தண்டு அங்கே இல்லை.

கழன்று விழவில்லை. யாரோ கழற்றியிருந்தார்கள். கியர் பெட்டியின் வாயில் கிரீஸ் அப்பி, மேலே பால்மாவு டின்னின் மூடியைக் கவிழ்த்து, சைக்கிள் டியூபால் இறுகக் கட்டியிருந்தது. டியூப் வெடித்துப் பழுத்திருந்தது. நேற்று முந்தாநாள் வேலையல்ல. டியூபைக் குறுக்காக இரண்டு சுற்று, நெடுக்காக ஒரு சுற்று என்று கட்டும் ஆள் தோட்டத்தில் ஒருவர்தான்.

தண்டு இருக்க வேண்டிய வெறும் இடத்தில் கையை விட்டுப் பார்த்தாள். கை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவரை எழுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது. பெட்டியை ஆணியடித்து மூடியாகிவிட்டது.

“என்னம்மா, நாலு சக்கரமும் சரியா இருக்கா?” ட்ராக்டரிலிருந்து சிவானந்தம் கேட்டார்.

அம்சவள்ளி எழுந்தாள். முகத்தில் தெறித்த சேற்றைத் தோளில் துடைத்தாள்.

“நாலும் இருக்கு.”

“இருந்தா நல்லது. எதுக்கும் இங்கேயே பெட்டியை ட்ராக்டருக்கு மாத்திடலாம். எப்படியும் இறக்கித் திருப்பித்தானே ஆகணும்? திருப்பி இதுல ஏத்திட்டா சடங்கும் ஆச்சு. நீயும் பொம்பளைங்களோட நின்னுக்கலாம். சாஸ்திரமும் கெடல.”

கூட்டத்தில் தலைகள் ஆடின. சொன்னது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. வாசுவின் தலையும் ஆடப் பார்த்து நின்றது. அம்சவள்ளி சடக்கைப் பார்த்தாள். வேனின் மூக்கைப் பார்த்தாள். எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சுமக்கும் மூக்கு. முன்னால் போனால் அதுதான் முதலில் படலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும். இறங்கியதைப் பின்சக்கரம் தள்ள வேண்டும். தள்ளாது. பின்சக்கரம் முதலில் போனால்?

“அப்பா திரும்பணும், அவ்வளவுதானே?” என்றாள். “வேனைத் திருப்புறேன். பின்னாலயே, கோஸ்தான்லயே போயிடலாம்.”

“என்னாது? சுடுகாட்டுக்கு கோஸ்தான்லயா?”

“கால் முன்னால வந்தோம். இனி வேன் பின்பக்கமா போனா தல முன்னால. பெட்டிய எறக்க வேண்டியதில்ல.”

சிவானந்தம் சடங்கு செய்ய வந்த பண்டாரத்தைப் பார்த்தார். பண்டாரம் சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு வேனின் இரு முனையையும் பார்த்தார். கணக்குப் போட்டார்.

“பெட்டி திரும்பணும்னுதான் வழக்கம். கையாலதான் திருப்பணும்னு இல்ல. பெட்டிக்கு அடியில டயர் இருந்தா என்னா, தோள் இருந்தா என்னா?”

தோட்டத்தில் சாஸ்திரமும் எஞ்சினும் ஒரே பக்கம் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

வேன் முன்னும் பின்னுமாக முனகித் திரும்பியது. அம்சவள்ளி தலையை வெளியே நீட்டினாள். “நடந்து வர்ற ஆம்பளைங்க ஏறுங்க. உறுமிக்காரங்களும்தான். எல்லாரும் பின்கதவுகிட்ட நில்லுங்க. முன்னால யாரும் வரக்கூடாது.”

“ஏன்?”

“அப்பா சொல்லிக் குடுத்தது.”

அப்பா அப்படி எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பின்சக்கரத்தின் மேல் கனம் வேண்டும் என்பது அவளாக அப்போதுதான் யோசித்தது. ஆனால் செத்தவர் சொன்னார் என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. ஏறினார்கள். வேனின் பின்பக்கம் அமிழ்ந்தது.

“வாசு. நீ பின்கதவுல நில்லு. கான் எந்தப் பக்கம் வருதுன்னு நீதான் சொல்லணும். எனக்குத் தெரியாது.”

“நானா?”

“அப்பா தலமாட்டுல நிக்க வேற யாரு?”

அவன் ஏறினான். கறுப்புக் கண்ணாடியைப் பையில் போட்டான்.

இரண்டாவது கியர் பெட்டியின் கம்பியை அவள் எல்லாரும் பார்க்கும்படி ஓங்கி இழுத்தாள். அது முன்சக்கரத்துக்கு எதையும் அனுப்பவில்லை; ஆனால் வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டியது. அந்த அளவுக்கு அப்பா பொய் சொல்லவில்லை.

வேன் பின்பக்கமாகச் சதுப்பில் இறங்கியது.

இப்போது ஒரு காட்சி அமைந்தது. வேன் பின்னோக்கிப் போக, ட்ராக்டர் முன்னோக்கித் தொடர, அம்சவள்ளியும் சிவானந்தமும் நேருக்கு நேர் முகம் பார்த்தபடி சுடுகாட்டுக்குப் போனார்கள். நடுவே ஒரு கண்ணாடி, ஒரு வைப்பர். வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் சிவானந்தம் தெளிவாகத் தெரிந்தார், சங்கிலியோடு. அவரால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. அது தோல்வி மாதிரி ஆகிவிடும். அவளும் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டீரிங்கைக் காதால் ஓட்டினாள்.

“ரைட்டு... ரைட்டுக்கா... போதும் போதும். லெப்டு ஒடி. இன்னும் ஒடி. நேரா வா.” வாசுவின் குரல் பின்னாலிருந்து வந்தது. முதலில் பேங்க் கவுண்டர் குரலாக இருந்தது. சிறிது தூரத்தில் லயத்துக் குரலாகிவிட்டது.

பாதிச் சதுப்பைக் கடந்தபோது படலம் கிழிந்தது. பின்சக்கரம் ஊளையிட்டுச் சுற்றியது. கறுப்புச் சேறு மட்டும் பறந்தது. முன்சக்கரங்கள் பூட்டிய குமிழ்களோடு பெருமையாகச் சும்மா நின்றன. அவள் உடனே மிதியிலிருந்து காலை எடுத்தாள். இன்னும் சுற்றவிட்டால் அச்சுவரை இறங்கிவிடும்.

கண்ணாடிக்கு அப்பால் சிவானந்தம் எழுந்து நின்றார். சங்கிலி கணகணவென்று அவிழ்ந்தது. முகத்தில் துக்க வீட்டுக்குப் பொருந்தாத ஒரு வெளிச்சம்.

“பரவால்லம்மா. நடக்கிறதுதான்,” என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். “செல்லா, கொக்கியை மாட்டு.”

அம்சவள்ளி கதவைத் திறந்து சேற்றில் குதித்தாள். முழங்காலுக்கு மேல் இறங்கியது.

“கொக்கி என் வேன்ல படக்கூடாது, மாமா.”

செல்லன் ட்ராக்டரில் உட்கார்ந்தபடியே இருந்தார். எஞ்சினை அணைத்தார். 

“என்னடா, நான் சொல்றேன், மாட்டுடா.”

“வேன்காரங்க வேணாங்கிறாங்க, ஐயா.”

“பொணத்த வச்சுக்கிட்டு என்ன வீம்பு?” சிவானந்தத்தின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே எழுந்தது. “நாலு சக்கரம், நாலு சக்கரம்னு அப்பனும் பேசினான், மகளும் பேசுறா. சுத்துதா? கண்ணு இருக்கிறவன் சொல்லட்டும்.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் எவனுக்கும் தெரியும். அம்சவள்ளி முன்சக்கரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

“சுத்தும். மட்டை வெட்டிப் போட்டா சுத்தும்.”

இருபுறமும் செம்பனை. அறுவடையில் வெட்டிய மட்டைகள் வரிசைகளுக்கு நடுவே குவிந்து கிடந்தன. யாரும் அசையவில்லை. அவளே கானைத் தாண்டிப் போய் முள்ளோடு இரண்டு மட்டையை இழுத்தாள். கையில் கிழித்தது. திரும்பியபோது வாசு சேற்றில் இருந்தான். கோலாலம்பூரில் வாங்கிய செருப்பு வேனுக்குப் பக்கத்தில் தனியாகப் புதைந்துகொண்டிருந்தது.

“குடுக்கா. எங்க போடணும்?”

“பின்சக்கரத்துக்குப் பின்னால. குறுக்க போடு, இலை மேல இருக்கட்டும்.”

பிறகு உறுமிக்காரர் ஒருவர் இறங்கினார். பண்டாரம் வேட்டியை மடித்துக் கட்டினார். துக்கத்துக்கு வந்து கைகட்டி நிற்பதைவிட மட்டை இழுப்பது எல்லாருக்கும் பழக்கமான வேலையாக இருந்தது. சடக்கில் மட்டைப் பாய் நீண்டது. வேலை செய்யாமல் நின்றவர் சங்கிலி வைத்திருந்தவர் மட்டும்தான்.

எல்லாரும் மறுபடி ஏறிப் பின்கதவோரம் நெருக்கி நின்றார்கள். அம்சவள்ளி கிளட்சை முட்டை மேல் கால் வைப்பதுபோல விட்டாள். சக்கரம் மட்டையை மென்றது. கடித்தது. வேன் குலுங்கிப் பள்ளத்திலிருந்து ஏறியது.

“வா... வா... நிறுத்தாத, நிறுத்தாத,” வாசு கத்தினான். “கடவுளே, வா.”

அவள் நிறுத்தவில்லை. வைப்பர் துடைத்தபோது சிவானந்தம் சிறிதாகிக்கொண்டே போனார். செல்லன் ட்ராக்டரைக் கிளப்ப ஏனோ நேரமெடுத்தார். பின்சக்கரங்கள் செம்மண்ணைத் தொட்ட இடத்தில் வேனின் முனகல் மாறியது. மேட்டின்மேல் ஏறி நின்றபோது வேனின் பின்கதவு குழிக்கு நேராக இருந்தது. திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை.

கறுப்புமண் தோட்டத்தில் சாவு வீட்டில் கைதட்டும் வழக்கம் இல்லை. ஆனாலும் உறுமி தேவைக்கு மேல் அடித்தது.

*

குழியில் மண் விழுந்த பிறகு, ஆலயத் தலைவர் இரங்கலுரை ஆற்றினார். ஆற்றாமல் விடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“நாலு சக்கர இயக்கம் என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்கே முதன்முதலில் உணர்த்திய அறிஞர் சேது,” என்றார். “இந்தச் சதுப்பைத் தாண்ட அவர் வேனால் முடியும் என்று நான் அன்றே சொன்னேன். இன்று நிரூபணமாயிற்று. இனி இத்தோட்டத்தின் இறுதி ஊர்வலங்கள் அனைத்தும் இந்த வேனிலேயே நடைபெற வேண்டும் என்று ஆலயக் குழு சார்பில் முன்மொழிகிறேன்.”

வேட்டியில் சங்கிலித் துரு ஒரு பெரிய பதக்கம்போல இருந்தது. கூட்டம் முன்மொழிவைத் தலையாட்டி வழிமொழிந்தது. பண்டாரம் முன்சக்கரத்தைத் தட்டிக்கொடுத்து, “இதுதான்யா இழுத்துச்சு,” என்று யாரிடமோ சொன்னார். வாசு மண் ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, “நாலு சக்கரமும் சுத்துமில்ல,” என்றான். அப்பாவின் அதே இழுவையில் வந்தது. சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

அம்சவள்ளி ஒன்றும் திருத்தவில்லை.

எல்லாரும் குளிக்கப் போனார்கள். மேட்டின் அடியில் கானோரம் அவள் முள் கிழித்த கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்லன் வந்து ஒதுங்கி நின்றார். தலையில் துண்டு.

“பாத்துட்டியாம்மா?”

அவள் நிமிரவில்லை. “ம்.”

“எப்ப?”

“கல்லுகிட்ட.”

செல்லன் கானில் மிதந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ட மாட்டுனா ஸ்டீரிங்கு உதறுச்சு. கைய ஒடைக்கிற மாதிரி. ரெண்டு தடவ வெல்டு வச்சுப் பாத்தாரு, ஆகல. நீ ரவாங்குக்குப் போன மறு வருஷம் கழட்டிட்டாரு. ட்ராக்டர் கொட்டாயில என் சாக்குக்கு அடியிலதான் கெடக்குது.”

“அப்புறம் எப்படி மாமா சேத்தெல்லாம் தாண்டினாரு?”

“தாண்டல. மாட்டிக்குவாரு. ஆளு விட்டு அனுப்புவாரு. காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு ஆளு வர்றதுக்கு முன்ன போய் நான் இழுத்து விட்டுருவேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.” அவர் துண்டை எடுத்துப் பிழிந்தார். “சங்கிலி இல்லாம அவரு தாண்டினது இன்னைக்குத்தான்.”

அம்சவள்ளி கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். ரத்தம் நின்றிருந்தது. இருந்தும் எடுக்கவில்லை.

“சனிக்கிழமை கொண்டாந்து மாட்டிடவா?” என்றார் செல்லன். “குழு வண்டின்னு ஆயிடுச்சு. நாலு பேரு அடியில குனிஞ்சு பாப்பானுங்க.”

“பாத்தா, நான் கழட்டுனேன்னு சொல்லுங்க.”

செல்லன் அவளைப் பார்த்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தலையாட்டினார். மேலே வேனின் பின்கதவுகள் இன்னும் திறந்தே கிடந்தன. உள்ளே யாரோ மறந்த பூமாலை ஒன்று தகரத் தரையில் ஈரமாகக் கிடந்தது. மழை அதன் பாதிவரை நனைத்திருந்தது.

மார்ச்சில் நிர்வாகம் அந்தச் சடக்குக்குக் கல் கொட்டித் தார் போட்டது. இப்போது சைக்கிளிலேயே போகலாம்.